இழப்பீட்டு வழக்கில் உத்தரவு வந்துவிட்டது, திருப்தி இல்லை: உயர் நீதிமன்ற மேல்முறையீடு எப்படி நடக்கிறது?

வேலையில் அடிபட்டவருக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ இழப்பீடு கேட்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் நடக்கும் வழக்கைத் தமிழ்நாட்டில் பலரும் இன்றும் 'டபிள்யூ.சி. கேஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2010-ல் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியும் பழைய பெயர் வாயை விட்டுப் போகவில்லை. இங்கே வரும் பிரிவு எண்கள் இந்தச் சட்டத்தின்படியானவை; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பைப் பற்றிக் கடைசிப் பகுதியில் சொல்கிறோம். இந்த வழக்கை விசாரிப்பவர் இழப்பீட்டு ஆணையர். நம் மாநிலத்தில் பெரும்பாலும் தொழிலாளர் துணை ஆணையரே அந்தப் பொறுப்பில் இருக்கிறார். அவருடைய உத்தரவு பிடிக்கவில்லை என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது; சட்டத்தின் 19-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்திருக்கிறது. 30-ஆம் பிரிவின்படி நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வக்கீல்கள் இதை 'சி.எம்.ஏ.' (சிவில் மிஸலேனியஸ் அப்பீல்) என்பார்கள். மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரி, திருச்சி, தஞ்சாவூர் போன்ற தென்மாவட்ட உத்தரவுகள் மதுரைக் கிளைக்குப் போகும். சென்னை, கோவை, சேலம் பக்கத்து உத்தரவுகள் சென்னைக்கு.

முதலில் மனதில் ஏற்ற வேண்டியது ஒன்று உண்டு. இந்த மேல்முறையீடு வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்தும் வாய்ப்பு அல்ல. விபத்து நடந்ததா, எப்படி நடந்தது, அடிபட்டவர் அங்கே வேலை பார்த்தவர்தானா, வயது என்ன, சம்பளம் எவ்வளவு, ஊனம் எத்தனை சதவீதம் என்பவையெல்லாம் உண்மை பற்றிய கேள்விகள். இவற்றில் ஆணையரின் முடிவே கடைசி முடிவு. வடகிழக்கு கர்நாடகச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பட்டியலிட்டே சொன்னது. உயர் நீதிமன்றம் பார்ப்பது முக்கியமான சட்டக் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டும்தான். 'தொகை குறைவு, குடும்பம் கஷ்டப்படுகிறது' என்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அது சட்டக் கேள்வி ஆகாது. நியாயமான வழக்குகள் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன. உத்தரவில் தவறு இருக்கும், ஆனால் மனு அதைச் சட்டத் தவறாக எடுத்துக் காட்டியிருக்காது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மேல்முறையீட்டில் தகராறான தொகை குறைந்தது 10,000 ரூபாய் இருக்க வேண்டும். முன்பு இது 300 ரூபாயாக இருந்தது. 2017 திருத்தத்தில் உயர்ந்தது. இங்கே பார்க்க வேண்டியது உத்தரவின் மொத்தத் தொகையை அல்ல, நீங்கள் எதிர்க்கும் வித்தியாசத்தை.

எது சட்டத் தவறு? ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்

நான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு மரப்பட்டறை. 35 வயதுத் தச்சர் ஒருவர் ரம்பத்தில் வலது கைக் கட்டைவிரலை முழுதாக இழந்துவிட்டார். விபத்து நடந்தது 2022 மார்ச் 10. மாதச் சம்பளம் 18,000.

சட்டம் 18,000-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாது. 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுக்கும் உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவீதம் 9,000. நான்காம் அட்டவணையில் 35 வயதுக்கான காரணி எண் 197.06. இரண்டையும் பெருக்கினால் 17,73,540. கட்டைவிரல் முழுதாகப் போனால் முதல் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறன் இழப்பு 30 சதவீதம். ஆகக் கிடைக்க வேண்டியது 5,32,062 ரூபாய்.

உத்தரவில் உச்சவரம்பு 8,000 என்று எடுத்திருந்தால் என்ன ஆகும்? 2010 மே 31 முதல் 2020 தொடக்கம் வரை இருந்த வரம்பு அது. 4,800-ஐ 197.06-ஆல் பெருக்கி 30 சதவீதம் எடுத்தால் 2,83,766 ரூபாய்தான் வரும். ஏறத்தாழ இரண்டரை லட்சம் காணாமல் போகிறது. விபத்து நடந்த நாளில் எந்த வரம்பு அமலில் இருந்ததோ அதுவே பொருந்தும் என்பது நிலைபெற்ற சட்டம். அதனால் இது சட்டத் தவறு, மேல்முறையீட்டில் நிற்கும். அதே சமயம், 2019-ல் நடந்த விபத்துக்கு 15,000 வரம்பைக் கேட்டால் தள்ளுபடிதான் ஆகும்.

அடுத்து வட்டி. தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முதலாளி கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி. 'கொடுக்க வேண்டிய நாள்' எது என்பதில்தான் குழப்பம். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் நான்கு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அது விபத்து நடந்த நாளே என்று 1975-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் 'உத்தரவு நாளிலிருந்து 30 நாளுக்குள் செலுத்தாவிட்டால் வட்டி' என்று எழுதும் உத்தரவுகள் உண்டு. நம் தச்சருக்கு உத்தரவு 2025 மார்ச் 10-ல் வந்தது என்று வையுங்கள். மூன்று வருட வட்டி மட்டும் 1,91,542 ரூபாய். உத்தரவின் கடைசிப் பத்தியில் இருக்கும் ஒரே ஒரு வரி இந்தத் தொகையை அழித்துவிடும். அதனால் உத்தரவு கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. வட்டி, அபராதம் பற்றிய உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30-ஆம் பிரிவில் தனி உட்பிரிவே இருக்கிறது.

இதே 1975 தீர்ப்பில் ஒரு தச்சரின் இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே ஏற்றார்கள். உடல் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு டாக்டர் கொடுத்த உடல் ஊனச் சதவீதத்தை மட்டும் எழுதி, அவர் செய்துவந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்பதை ஆணையர் தொடவே இல்லை என்றால், அது சட்டம் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்காத தவறு. ஆனால் எல்லாவற்றையும் பரிசீலித்து, 50 கேட்ட இடத்தில் 40 சதவீதம் என்று ஆணையர் காரணத்தோடு முடிவு செய்திருந்தால் மேல்முறையீடு தேறுவது கடினம். இந்த விதி முதலாளிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சேர்த்துத்தான். டாக்டரின் சாட்சியத்தை ஏற்று ஆணையர் முடிவு செய்த சதவீதத்தை உயர் நீதிமன்றம் தானாக எடைபோட்டுக் குறைத்தது தவறு என்று, கர்நாடகத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சட்டத் தவறுகள் வேறு சிலவும் அடிக்கடி கண்ணில் படும். தொழிலாளியின் கவனக்குறைவைக் காட்டித் தொகையைக் குறைப்பது ஒன்று. இந்தச் சட்டத்தில் கவனக்குறைவுக்குக் கழிவு கிடையாது. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்று சொல்லி மரண வழக்கையே தள்ளுபடி செய்வது இன்னொன்று. அந்த விதிவிலக்குகள் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் பொருந்தாது என்று 3-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. ஆதாரமே இல்லாமல் ஒரு முடிவுக்கு வருவதும், குறியீடு செய்த (அதாவது சாட்சியமாக ஏற்று எண் கொடுத்த) ஆவணத்தைப் பார்க்காமலே 'ஆவணம் இல்லை' என்று எழுதுவதும் இந்த வகைதான்.

வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து தனிக் கதை. அதை வேலை சார்ந்த விபத்தாக ஏற்பதில் நீதிமன்றங்கள் வெகுகாலம் கறாராக இருந்தன. வேலைக்கு பைக்கில் போன வழியில் இறந்த ஒரு காவலாளியின் வழக்கில், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரம், இடம், சூழல் ஆகியவற்றால் வேலையோடு தொடர்பு இருந்தால் 3-ஆம் பிரிவுக்குள் வரும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த ஒரே காரணத்துக்காக மனு தள்ளுபடியாகி, காலக்கெடுவும் இன்னும் முடியாமல் இருந்தால் அவசியம் மேல்முறையீடு செய்யலாம்.

மேல்முறையீடே தேவைப்படாத இடங்கள்

பெருக்கலில் பிழை, வயதைச் சரியாக எழுதிவிட்டுக் காரணி எண்ணை அடுத்த வரியிலிருந்து எடுத்துவிட்டது போன்ற கைத்தவறுகளை ஆணையரே திருத்தலாம். 1924 விதிகளின் 32-ஆம் விதி அதற்கு இடம் தருகிறது. ஒரு திருத்த மனு போதும். ஆனால் திருத்த மனு போட்டுவிட்டோம் என்று மேல்முறையீட்டு நாளைக் கோட்டை விடாதீர்கள். மனு நிலுவையில் இருப்பதால் கடிகாரம் நிற்காது.

வாய்தாவுக்கு வராததால் மனு தள்ளுபடியாகியிருந்தால் வழக்கை மறுபடி எடுக்கக் கேட்டு அதே ஆணையரிடம் 30 நாளுக்குள் மீட்பு மனு போடுவதே நேர்வழி.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. அவர்கள் 1923 சட்டத்தில் இழப்பீடு கேட்க இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு தடை. இ.எஸ்.ஐ. பலன் பற்றிய தகராறு தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து அதே சட்டத்தின் 82-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கும் போகும்.

சமரச உத்தரவுக்கும் மேல்முறையீடு கிடையாது. 'ஆணையர் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறோம்' என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தாலும், உத்தரவே ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காகப் போடப்பட்டிருந்தாலும் வழி அடைந்துவிடும். இரு தரப்பும் சேர்ந்து கொடுக்கும் சமரசக் காகிதமான கூட்டு மெமோவில் கையெழுத்து கேட்டால், அதில் உள்ள தொகை கையில் கிடைக்குமா, எந்தத் தேதிக்குள் என்பது தெரியும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

60 நாள் என்பது எப்படி எண்ணப்படுகிறது

காலக்கெடு 60 நாள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாய வழக்குகளுக்கு 90 நாள் உண்டு என்பதால், லாரி டிரைவர், கிளீனர் வழக்குகளில் இரண்டையும் குழப்பிக்கொண்டு நாளைத் தவறவிடுவது நடக்கிறது. ஆணையரிடம் போன வழக்கு என்றால் 60 நாள்தான்.

உத்தரவு நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். 2025 மார்ச் 10-ல் உத்தரவு என்றால் 60-ஆவது நாள் மே 9. சான்றிட்ட நகலுக்காகச் செலவான நாள்கள் இதில் கழியும். மார்ச் 14-ல் நகலுக்கு விண்ணப்பித்து 28-ல் நகல் தயாரானால் 15 நாள் சேர்ந்து மே 24 வரை நேரம் இருக்கிறது. நகல் தயாரான பிறகு நீங்கள் வாங்கப் போகாமல் இருந்த நாள்கள் கழியாது. கடைசி நாள் கோர்ட் விடுமுறையில் விழுந்தால் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். அதனால் உத்தரவு சொன்ன அன்றோ மறுநாளோ நகல் விண்ணப்பம் போடுங்கள். இதை யாரும் உங்களுக்கு நினைவுபடுத்த மாட்டார்கள்.

நாள் கடந்துவிட்டால் தாமத மன்னிப்பு மனு போடலாம். காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இங்கே பொருந்தும் என்று சட்டமே சொல்கிறது. 'உடல்நிலை சரியில்லை' என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தேதியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், எப்போது வீடு திரும்பினார், நகல் எப்போது கிடைத்தது, வக்கீலை எப்போது பார்த்தார் என்று தேதி வாரியாகப் பிரமாணப் பத்திரத்தில் வர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டை இணையுங்கள்.

மனுவில் என்ன இருக்க வேண்டும்

மேல்முறையீட்டு மனு, உத்தரவின் சான்றிட்ட நகல், வக்காலத்து, உரிய நீதிமன்றக் கட்டணம், தேவையானால் தாமத மனு. இவற்றோடு ஆணையரிடம் கொடுத்த மனு, முதலாளியின் எதிருரை, சாட்சியங்கள், குறியீடு செய்த ஆவணங்கள் எல்லாம் தட்டச்சுத் தொகுப்பாக வேண்டும். உத்தரவின் கடைசியில் ம.சா.ஆ. (மனுதாரர் தரப்புச் சான்று ஆவணம்) 1, 2 என்று ஆவணப் பட்டியல் இருக்கும். அதை உங்கள் கைவசம் உள்ள காகிதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுத்த சம்பளச் சீட்டு அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அது குறியீடே ஆகவில்லை என்று பொருள். அதை நம்பி மேல்முறையீட்டில் வாதாட முடியாது.

மனுவின் உயிர் அதில் எழுதும் சட்டக் கேள்வியில் இருக்கிறது. 'ஆணையர் நிர்ணயித்த இழப்பீடு மிகக் குறைவல்லவா?' என்று எழுதினால் அனுமதி நிலையிலேயே தள்ளுபடியாகலாம். 'விபத்து 2022 மார்ச் 10-ல் நடந்திருக்க, 2020 ஜனவரி 3 அறிவிக்கையில் உள்ள 15,000 ரூபாய் வரம்பை விட்டு 8,000 ரூபாயை அடிப்படையாகக் கொண்டது 4-ஆம் பிரிவுக்கு முரண் அல்லவா?' என்று எழுதினால் நீதிபதி அதே வரியில் விஷயத்தைப் பிடித்துக்கொள்வார். தேதி, பிரிவு, ஆணையர் செய்தது, செய்திருக்க வேண்டியது என நான்கும் ஒரு கேள்விக்குள் வர வேண்டும். இருபது கேள்விகளை அடுக்குவதைவிட இப்படி இரண்டு எழுதினால் போதும்.

தாக்கல் செய்ததும் பதிவகம் சரிபார்க்கும். குறை இருந்தால் 'ரிட்டர்ன்' ஆகும். சொன்ன நாளுக்குள் சரிசெய்து திரும்பக் கொடுக்காவிட்டால் அதற்கும் ஒரு தாமத மனு தேவைப்படும். பல மாதங்கள் இங்கேயே வீணாவதுண்டு. 'நம்பர் ஆயிடுச்சா?' என்று வக்கீலிடம் கேட்பது தொந்தரவு கொடுப்பதல்ல, கேளுங்கள். எண் கிடைத்ததும் அனுமதி விசாரணை, எதிர்தரப்புக்கு நோட்டீஸ், ஆணையரிடமிருந்து கோப்பு வரவழைப்பு, இறுதி விசாரணை என்று போகும். புதிய சாட்சிகளை இங்கே விசாரிக்க மாட்டார்கள்.

முதலாளி மேல்முறையீடு போனால்

இழப்பீடு கொடுக்கச் சொன்ன உத்தரவை எதிர்த்து முதலாளி வந்தால், அந்தத் தொகையை ஆணையரிடம் கட்டிவிட்டதற்கான சான்றிதழ் மனுவோடு இருக்க வேண்டும். அது இல்லாமல் மேல்முறையீடு நிற்காது. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் வழக்கமாகப் பணத்தைக் கட்டிவிட்டே வருகின்றன. உங்களுக்கு நோட்டீஸ் வந்ததும் உங்கள் வக்கீல் முதலில் தேட வேண்டிய காகிதம் இதுதான்: முழுத் தொகையும் கட்டப்பட்டதா, உத்தரவில் உள்ள வட்டியும் சேர்ந்ததா?

மேல்முறையீடு போட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது; தனியாகத் தடை உத்தரவு வேண்டும். உங்களைக் கேட்காமல் தடை கொடுத்துவிடக் கூடாது என்றால் முன்கூட்டியே கேவியட் போட்டு வைக்கலாம். அது 90 நாள் செல்லும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது கட்டிய பணத்தை ஆணையர் நிறுத்திவைக்க வகை செய்த 30ஏ பிரிவை 2017-ல் நீக்கிவிட்டார்கள். தடை ஏதும் இல்லை என்றால் ஆணையரிடம் பணம் கேட்டு மனு கொடுங்கள். தடை இருந்தால் ஒரு பகுதியையாவது எடுக்க உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேளுங்கள்.

பணமும் கட்டவில்லை, மேல்முறையீடும் இல்லை என்றால் 31-ஆம் பிரிவில் நிலவரிப் பாக்கி போல வசூலிக்க ஆணையரிடம் மனு கொடுக்கலாம். இன்சூரன்ஸ் இருந்தாலும் 4ஏ பிரிவின் அபராதம், அதாவது தொகையில் 50 சதவீதம் வரை விதிக்கக்கூடியது, முதலாளியின் சொந்தப் பொறுப்பு. இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் கட்டாது என்பது 1997 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. முதலாளிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்காமல் விதித்த அபராதம் மேல்முறையீட்டில் ரத்தாகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாளி போட்ட மேல்முறையீட்டிலேயே உங்கள் குறையையும் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். உங்களுக்கும் சட்டக் குறை இருந்தால் அதே 60 நாளுக்குள் தனியாகப் போடுவதே பாதுகாப்பு.

மரண வழக்கில் குடும்பத்துக்குள்ளேயே பங்குத் தகராறு வருவதுண்டு. சார்ந்திருப்பவர் அல்ல என்று ஆணையர் விலக்கிய ஒருவர், விதவைத் தாயாக இருந்தாலும் சரி, அந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அப்போது பணம் வங்கி வைப்பில் இருக்கிறதா, பட்டுவாடா ஆகிவிட்டதா என்பதை உடனே விசாரியுங்கள். போன பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம்.

2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்துக்குப் பதிலாக சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குத்தான், முக்கியமான சட்டக் கேள்வி வேண்டும் என்பதும் அப்படியே இருக்கிறது. பிரிவு எண்கள் வேறு. உங்கள் உத்தரவின் முதல் பக்கத்தில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அதன்படி மனுவைத் தயாரிக்கச் சொல்லுங்கள்.

செலவை நினைத்து நின்றுவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவில், தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் இலவச வக்கீல் உரிமை தருகிறது. சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிக் குழுக்கள் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போகும்போது உத்தரவின் சான்றிட்ட நகல், நகலுக்கு விண்ணப்பித்த ரசீது, ஆணையரிடம் கொடுத்த மனு, டாக்டரின் சான்று, ஆதார் ஆகியவற்றை ஒரே உறையில் எடுத்துச் செல்லுங்கள். நகல் இன்னும் கையில் வரவில்லை என்றாலும் விண்ணப்ப ரசீதோடு போகலாம். 60 நாள் கணக்கில் நகலுக்காக எத்தனை நாள் கழியும் என்பது அந்த ரசீதை வைத்துத்தான் பார்க்கப்படும்.